ஏற்றும் ரத்தம், காக்கும் ரத்தம்

(தேசியத் தன்னார்வ ரத்ததான நாளையொட்டி, ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதித் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தினரும் கூடிய மாலைக் கூட்டத்தில் மயக்கவியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று அக்டோபர் 1. இந்தியாவில் ரத்த மாற்று மருத்துவத்துக்கு அடித்தளமிட்ட டாக்டர் ஜே.ஜி. ஜாலியின் பிறந்தநாள். 1975 முதல் இந்த நாளைத் தன்னார்வ ரத்ததான நாளாக நாம் கடைப்பிடித்து வருகிறோம். ரத்தம் கொடுங்கள் என்று உங்களிடம் கேட்பதற்காக என்னை அழைத்திருக்கிறார்கள். கட்டாயம் கேட்பேன். அதற்கு முன்னால், நீங்கள் கொடுக்கும் ரத்தம் யாருக்குப் போகிறது, எப்போது ஏற்ற வேண்டும், எப்போது ஏற்றாமல் காப்பாற்றுவது மேல் என்பதையும் உங்களிடம் பேச விரும்புகிறேன். அதிலும் புற்றுநோய்க்காக ஆபரேஷன் செய்துகொள்பவர்களைப் பற்றி. இருபது வருடங்களுக்கு மேலாக அவர்களுடைய தலைமாட்டில் நிற்பதுதான் என் வேலை.

ஒரு குடும்பத்தின் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரகடத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். வயது 52. எடை 41 கிலோ. ஒரு கேன்டீனில் பாத்திரம் துலக்கும் வேலை. ஒரு வருடமாகவே படியேறினால் மூச்சு வாங்கியிருக்கிறது. போன இடமெல்லாம் “ரத்தம் கம்மி” என்று டானிக்கும் சத்து மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். கடைசியில் ஸ்கேனும் குடல் உள்நோக்கிப் பரிசோதனையும் செய்து பார்த்தபோது, பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்றுநோய்க் கட்டி. ஹீமோகுளோபின் 6.9.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தோம். முந்தின நாள் சாயங்காலம், “நாலு யூனிட் ரத்தம் ஏற்பாடு பண்ணுங்க” என்று மகனிடம் சீட்டைக் கொடுத்தோம். 23 வயதுப் பையன், காண்ட்ராக்ட் தொழிலாளி. தன் லைனில் வேலை செய்யும் நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டான். ராத்திரி ஒன்பது மணிக்கு மூன்று பேர் யூனிஃபார்மோடு வந்து நின்றார்கள். இரவோடு இரவாக இரண்டு பை ஏற்றினோம். மறுநாள் தியேட்டரில் ஒன்று. அதற்கடுத்த நாள் இன்னொன்று. அன்று ராத்திரி அந்த அம்மாவுக்கு மூச்சுத் திணறியது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. நான்கு நாள் ஐ.சி.யு.வில் வைத்திருந்து, தேற்றி அனுப்பினோம்.

வீட்டுக்குப் போகும் நாளில் அந்தப் பையன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். “சார், அம்மாவுக்கு ரத்தம் கம்மின்னு ஒரு வருஷமா எல்லாருக்கும் தெரியும். ஏன் சார் கடைசி ராத்திரியில மட்டும் அது அவசரம் ஆச்சு?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு நோட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். நோய் உறுதியான நாளுக்கும் ஆபரேஷன் நாளுக்கும் இடையில் 24 நாட்கள் இருந்திருக்கின்றன. அந்த 24 நாளில் நாங்கள் அவர் உடம்பிலிருந்த இரும்புச் சத்தை ஒரு தடவைகூட அளக்கவில்லை. நான் இன்று பேசப்போவதெல்லாம் அந்தப் பையனுக்கு நான் தர வேண்டிய பதில்.

ஸ்ரீபெரும்புதூர் வழியே போகும் இந்த நெடுஞ்சாலைக்கும் புற்றுநோய் சிகிச்சைக்கும் ஓர் உறவு உண்டு. இங்கிருந்து மேற்கே போனால் காஞ்சிபுரத்தை ஒட்டிக் காரப்பேட்டை. அங்கே அறிஞர் அண்ணாவின் பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவுக்கு 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. 1969 பிப்ரவரி 3 அன்று அவர் மறைந்தார். கிழக்கே சென்னைக்குப் போனால் அடையாறு. புற்றுநோயில் தன் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை. அடுத்த ஆண்டே அங்கு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் கண்மூடும்வரை அதையே தன் வீடாகக் கொண்டிருந்தார். நம் பக்கத்து வீடுகளில் யாருக்காவது புற்றுநோய் என்றால் மேற்கேயோ கிழக்கேயோ இந்தச் சாலையில்தான் போகிறோம். கையில் ரிப்போர்ட் ஃபைலோடு, மனதில் “ரத்தத்துக்கு யாரைக் கூப்பிடுவது” என்ற கவலையோடு.

ரத்தம் ஏற்றுவது உயிர் காக்கும் சிகிச்சை. இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். 1901-இல் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் ரத்தப் பிரிவுகளைக் கண்டு சொன்னார். அதற்கு முன் ரத்தம் ஏற்றுவது ஏறக்குறைய சூதாட்டம். ஈரலிலோ கணையத்திலோ கட்டியை எடுக்கும்போது ஒரு பெரிய ரத்தக் குழாய் பிய்ந்துவிட்டால், சில நிமிடங்களில் ஒரு லிட்டர் போய்விடும். அந்த நேரத்தில் ரத்த வங்கி அலமாரியில் பை இருந்தால் நோயாளி பிழைப்பார். அப்படிப் பிழைத்தவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்கள் உடம்பில் ஓடுவது உங்களைப் போன்றவர்களின் ரத்தம்.

ஆனால் ரத்தம் டானிக் கிடையாது. ரத்தம் ஓர் உறுப்பு. சிறுநீரகத்தை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்கு வைப்பதற்கு எவ்வளவு யோசிக்கிறோம்! ரத்தம் ஏற்றுவதும் ஓர் உறுப்பு மாற்று சிகிச்சைதான். திரவ வடிவில் நடப்பதால் நமக்கு அப்படித் தோன்றுவதில்லை. வேற்று ஆளின் செல்கள் உள்ளே வரும்போது நம் எதிர்ப்பு சக்தி கொஞ்சம் தணிந்துபோகிறது. 1973-இல் ஓபெல்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒன்றைக் கவனித்தார்கள். சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களில், முன்பே ரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்குப் புதிய சிறுநீரகம் நன்றாக ஒட்டிக்கொண்டது. எதிர்ப்பு சக்தி தணிந்தது அவர்களுக்கு நன்மையாயிற்று.

அப்படியானால் புற்றுநோயாளிக்கு என்ன ஆகும்? அவருடைய எதிர்ப்பு சக்தி, ஆபரேஷனுக்குப் பின் எங்காவது தப்பி நிற்கும் புற்றுச் செல்களைத் தேடிப் பிடிக்க வேண்டுமே! 1982-இலேயே இந்தக் கேள்வியை எழுப்பினார்கள். குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களில், ரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்கு நோய் திரும்ப வருவது அதிகமாகத் தெரிந்தது. அன்றிலிருந்து இந்த விவாதம் நடக்கிறது. 1993-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 475 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்குத் தேவைப்பட்டால் பிறர் ரத்தம். இன்னொரு பிரிவுக்கு ஆபரேஷனுக்கு முன்பே எடுத்து வைத்த அவரவர் சொந்த ரத்தம். இரண்டு பிரிவிலும் நோய் திரும்பியது ஏறக்குறைய ஒரே அளவில்தான். ஆனால் இரண்டு பிரிவிலும் ரத்தமே தேவைப்படாதவர்கள், ஏற்றிக்கொண்டவர்களைவிட நன்றாக இருந்தார்கள்.

இதை நேர்மையாகப் புரிந்துகொள்ள வேண்டும். நோய் முற்றியவருக்கு, சிக்கலான ஆபரேஷன் நடந்தவருக்குத்தான் ரத்தம் அதிகம் தேவைப்படும். அவருக்கு நோய் திரும்பினால் அது ரத்தத்தாலா, நோயின் கடுமையாலா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆகவே, “ரத்தம் ஏற்றினால் கேன்சர் திரும்ப வரும்” என்று யாராவது உங்களைப் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். தேவைப்படும் ரத்தத்தை அந்தப் பயத்தில் மறுத்துவிடாதீர்கள். எல்லா ஆராய்ச்சியும் சேர்ந்து சொல்வது இதுதான்: ரத்தம் தேவைப்படாத நிலையில் நோயாளியை ஆபரேஷன் மேசைக்குக் கொண்டுவருவதே எல்லாவற்றிலும் நல்லது.

இதற்கு மருத்துவ உலகம் வைத்திருக்கும் பெயர், நோயாளியின் ரத்தப் பராமரிப்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல், எல்லா நாடுகளும் இதை உடனே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2008-லேயே இதைத் தொடங்கிவிட்டார்கள். நான்கு பெரிய மருத்துவமனைகள், ஆறு வருடம், 6,05,046 நோயாளிகள். ரத்தமும் ரத்தப் பொருள்களும் ஏற்றுவது 41 சதவீதம் குறைந்தது. அதே காலத்தில் மருத்துவமனை மரணங்களும் தொற்றுகளும் குறைந்தன. அங்கே யாருக்கும் ரத்தத்தை மறுக்கவில்லை. ரத்தம் தேவைப்படாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

இதில் மூன்று கட்டம் உண்டு. ஆபரேஷனுக்கு முன், ஆபரேஷனின்போது, ஆபரேஷனுக்குப் பின்.

முதல் கட்டம்தான் நாங்கள் அந்த அம்மாவுக்குத் தவறவிட்டது. புற்றுநோயாளிக்கு ரத்தசோகை வருவதற்குக் காரணங்கள் பல. குடலிலோ இரைப்பையிலோ கருப்பை வாயிலோ கட்டி இருந்தால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசியும். கண்ணுக்குத் தெரியாது, மலத்தோடு போய்விடும். மாதக்கணக்கில் இப்படிக் கசிந்தால் இரும்பு வற்றிவிடும். வாயிலோ தொண்டையிலோ புற்று வந்தவருக்குச் சாப்பாடே இறங்காது. கீமோ, எலும்பு மஜ்ஜையின் வேகத்தைக் குறைக்கும். இவை போதாதென்று நோயின் அழற்சியால் ஈரல் ஹெப்சிடின் என்ற பொருளை அதிகமாகச் சுரக்கும். அது குடலிலிருந்து இரும்பு உள்ளே வருவதைத் தடுக்கும். கிடங்கில் இருக்கும் இரும்பையும் வெளியே விடாது. ஸ்டோரில் சரக்கு இருக்கிறது, லைனுக்கு வரவில்லை, வண்டி நிற்கிறது. தொழிற்சாலையில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இப்படிப்பட்டவருக்கு எத்தனை மாத்திரை கொடுத்தாலும் பிரயோஜனம் குறைவு.

அதனால்தான் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்தால் போதாது. ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்ற இரண்டு சோதனைகளையும் நோய் உறுதியான அன்றே எடுத்துவிட வேண்டும். ஃபெரிட்டின் கிடங்கின் கணக்கு; டிரான்ஸ்ஃபெரின் செறிவு லைனுக்கு வந்து சேர்ந்த இரும்பின் கணக்கு. அழற்சி இருக்கும்போது முதல் கணக்கு சரியாக இருப்பதுபோல் காட்டி ஏமாற்றும். செறிவு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இரும்பு எட்டவில்லை என்று அறியலாம். அவகாசம் இருந்து, குடல் ஏற்றுக்கொண்டால் மாத்திரை போதும். அதையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டால் நன்றாக உள்ளே இறங்குகிறது என்று இப்போது தெரிந்திருக்கிறது. டீ, காபியோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. அவகாசம் குறைவாக இருந்தாலோ ஹெப்சிடின் தடுத்தாலோ நரம்பு வழியாக இரும்பு ஏற்ற வேண்டும். நம் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு அயர்ன் சுக்ரோஸ் ஏற்றுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புற்றுநோயாளிக்கும் அப்படி ஏற்றலாம். அதன் பலன் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும். மலக்குடல் புற்றுநோய்க்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் பல சமயம் கீமோ, கதிர்வீச்சு முதலில், ஆபரேஷன் பிறகு. அந்த இடைவெளி வாரங்கள் நமக்குக் கிடைத்த வரம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2020-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 487 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் பெரிய வயிற்று ஆபரேஷனுக்கு முன் இரும்பு ஏற்றிப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் உயர்ந்தது, ரத்தம் ஏற்றும் தேவையோ மரணமோ குறையவில்லை. பிறகு மருத்துவமனைக்குத் திரும்ப வந்து சேர்வது குறைந்தது. இரும்பு ஒன்றை மட்டும் ஏற்றிவிட்டு மீதியை விட்டுவிட்டால் போதாது என்று இதிலிருந்து நான் கற்றுக்கொண்டேன். மூன்று கட்டமும் கைகோத்துப் போனால்தான் பலன்.

இரண்டாம் கட்டம் தியேட்டருக்குள். ஒவ்வொரு மில்லியும் கணக்கு. ரத்தக் குழாயை வெட்டுவதற்கு முன் கட்டும் கை, முடிந்த இடத்தில் லேப்ராஸ்கோப்பி, நோயாளியின் உடம்பு குளிர்ந்துவிடாமல் வெதுவெதுப்பாக வைத்திருப்பது. உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது, கசிவு கூடும். டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற ஒரு மருந்து இருக்கிறது. ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோ என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய கணவர் ஷோசுகேயும் 1962-இல் கண்டுபிடித்துச் சொன்னது. பிரசவத்தில் தாய்மார்கள் ரத்தப்போக்கால் சாவதைத் தடுக்க வேண்டும் என்ற ஆசையில் பிறந்த மருந்து. விலை மலிவு. 9,535 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான பெரிய ஆய்வில், இதைக் கொடுத்தவர்களில் கடும் ரத்தக்கசிவு 9.1 சதவீதம், கொடுக்காதவர்களில் 11.7 சதவீதம். புற்றுநோயாளிக்குக் கால் நரம்பில் ரத்தம் உறையும் ஆபத்து ஏற்கெனவே அதிகம் என்பதால், ஆளைப் பார்த்து, எடை போட்டுத்தான் கொடுப்போம். இதய நோய்க்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் தொடரவும் கூடாது.

மூன்றாவது கட்டம், எப்போது ஏற்றுவது என்ற முடிவு. நான் படித்த காலத்தில் ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனால் ஏற்று என்பது விதி. கனடாவில் 838 தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் சோதித்த முடிவு 1999-இல் வெளியானது. 7-க்குக் கீழே இறங்கிய பிறகே ஏற்றினாலும் தீங்கு எதுவும் நேரவில்லை. உலகமெங்கும் பழக்கம் மாறியது. ஆனால் 2015-இல் பிரேசிலின் சாவ் பாலோவிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. பெரிய வயிற்றுப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து ஐ.சி.யு.வுக்கு வந்த 198 பேர். 7 வரை காத்திருந்தவர்களில் 35.6 சதவீதம் பேருக்குப் பெரிய சிக்கல்கள். 9-இலேயே ஏற்றியவர்களில் 19.6 சதவீதம் பேருக்குத்தான். ஒரே மருத்துவமனையில் நடந்த சிறிய ஆய்வுதான், ஆனாலும் தள்ளிவிட முடியாது. அதனால் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் ஒரே தீர்ப்பு எழுதக் கூடாது. இதய நோய் உள்ளவரா, மூச்சு வாங்குகிறதா, நாடித் துடிப்பு எப்படி, இன்னும் கசிகிறதா என்று கட்டிலருகே நின்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கசிவு நின்றிருக்கும்போது ஒரு பை ஏற்றுங்கள், நிறுத்துங்கள், ஆளைப் பாருங்கள், மறுபடி அளந்து பாருங்கள். அந்த அம்மாவின் கணக்கைப் பாருங்கள். 41 கிலோ உடம்பில் மொத்த ரத்தமே இரண்டே முக்கால் லிட்டர் அளவுதான். ஒரு பை என்பது அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பெரிய உடம்புக்காரருக்கு ஹீமோகுளோபினை ஒரு கிராம் உயர்த்தும் பை, அவருக்கு அதற்கு மேலும் உயர்த்தும். நான்கு பையை நாங்கள் அவசரமாக ஏற்றினோம். இதயமும் நுரையீரலும் தாங்கவில்லை. “ரெண்டு பாட்டில் ஏத்துங்க டாக்டர், தெம்பா இருப்பாங்க” என்று உறவினர்கள் அன்போடு கேட்பார்கள். அந்த அன்பை மதிக்கிறேன். “ஒண்ணு போதுமா டாக்டர்?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வி எங்களையும் நிதானிக்க வைக்கும்.

பரிசோதனைக்காக எடுக்கும் ரத்தமும் சேர்ந்தால் கணிசம். ஐ.சி.யு.வில் தினமும் குழாய் குழாயாக எடுத்தால் ஒரு வாரத்தில் ஒரு பை அளவு போய்விடும். தேவையானதை மட்டும், குழந்தைகளுக்கு எடுப்பதுபோல் சின்னக் குழாயில் எடுத்தால் போதும்.

இனி, ஒரு பை கட்டிலருகே வந்து சேரும் அந்த நிமிடத்தைக் கொஞ்சம் கிட்டே நின்று பார்ப்போம். ரத்த வங்கிக் குளிர்பெட்டியில் 2 முதல் 6 டிகிரியில் இருந்த பை. தொட்டால் சில்லென்று இருக்கும், கருஞ்சிவப்பு. வெளியே எடுத்த அரை மணி நேரத்துக்குள் தொடங்கி, நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நர்ஸம்மா இருவர் நிற்கிறார்கள். ஒருவர் பையின் எண்ணையும் பிரிவையும் காலாவதித் தேதியையும் வாய்விட்டுப் படிக்கிறார். இன்னொருவர் நோயாளியின் கைப்பட்டையைப் பார்த்து ஒவ்வொன்றையும் சரிபார்க்கிறார். பிறகு நோயாளியிடமே, “அம்மா, உங்க பேரு என்ன?” என்று கேட்கிறார். “நீங்க லட்சுமிதானே?” என்று கேட்கக் கூடாது, அரைத் தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். முதல் 15 நிமிடம் சொட்டுச் சொட்டாக மெதுவாக. அந்த 15 நிமிடமும் பக்கத்தில் ஆள் நின்று நடுக்கம், காய்ச்சல், முதுகுவலி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிரிவு மாறிய ரத்தத்தால் ஏற்படும் மரணங்கள் பெரும்பாலும் ஆய்வகத்தில் நிகழ்வதில்லை. பெயர் மாறிய சீட்டில், மாறிய கட்டிலில்தான் நிகழ்கின்றன. உங்கள் தொழிற்சாலையில் “போக்கா யோக்கே” என்று சொல்வீர்கள், தவறு நுழையவே முடியாதபடி தடுப்பு வைப்பது. மருத்துவமனையில் அந்தத் தடுப்பு, சத்தமாகப் படிக்கும் அந்த இரண்டு குரல்கள்தான். யாராவது உங்கள் அம்மாவிடம் மூன்றாவது முறை பெயர் கேட்டால் கோபப்படாதீர்கள்.

இப்போது கொடுப்பவர்களின் பக்கம் வருகிறேன்.

உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பினால், பணத்துக்கு ரத்தம் விற்பது 1998 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டது. பெரிய மாற்றம். ஆனால் அதன் இடத்தில் இன்னொரு பழக்கம் தங்கிவிட்டது. நோயாளியின் வீட்டுக்காரர்களே ஆளைத் தேடிக் கொண்டுவர வேண்டும் என்பது. உள்ளூரில் மாமன் மச்சான் இருப்பவர் எப்படியோ சமாளிப்பார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் ஊர் ஆலைகளுக்கு வந்திருப்பவர் யாரைக் கூப்பிடுவார்? அவருக்காகத்தான் அலமாரியில் முன்கூட்டியே ரத்தம் இருக்க வேண்டும். யாருக்கு என்று தெரியாமல் கொடுப்பதே தன்னார்வ தானம். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலையின் பி, சி வைரஸ்கள், சிபிலிஸ், மலேரியா என ஐந்து சோதனைகளும் நிதானமாக நடக்க நேரம் கிடைப்பதும் அப்போதுதான்.

ஒரே நாளில் 500 பேர் கொடுத்துவிட்டு அடுத்த மூன்று மாதம் யாரும் வராமல் இருப்பதால் சிரமம்தான். சிவப்பணுப் பைக்கு அதிகபட்சம் 42 நாள் ஆயுள். தட்டணுக்களுக்கு 5 நாள்தான். கீமோவில் தட்டணு விழுந்த குழந்தைக்குப் போன மாத முகாமால் பயனில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆலைகள் லீவு விடும்போது முகாம்கள் நின்றுபோகும். புற்றுநோய் லீவு எடுப்பதில்லை. ஆகவே ஆலை நிர்வாகங்களையும் தொழிற்சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஒரே பெரிய முகாமுக்குப் பதில், ரத்த வங்கியோடு பேசி, வாரம் ஓர் ஆலை என்று முறை வைத்துக் கொடுங்கள். வரிசையாகப் பொருள் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். 18 வயது முடிந்து, 45 கிலோ எடையும் 12.5 ஹீமோகுளோபினும் வேண்டும்.

அந்த 12.5 என்ற இடத்தில்தான் என் மனம் நின்றுவிடுகிறது. முகாமில் எங்கள் வரிசைக்கு ஆசையோடு வரும் தங்கைகளில் எத்தனையோ பேரை விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, “உனக்கே ரத்தம் கம்மிம்மா” என்று திருப்பி அனுப்புகிறோம். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வல்லம் வடகாலில் 2024-இல் திறந்த பெண் தொழிலாளர் குடியிருப்பு 18,720 பேர் தங்கும் அளவுக்குக் கட்டப்பட்டது. நம் ஆலைகளில் வேலை செய்யும் பெண்பிள்ளைகளின் எண்ணிக்கையை அதிலிருந்தே ஊகிக்கலாம். அவர்களில் பாதிப் பேருக்கு இரும்பு குறைவு என்று வைத்துக்கொண்டால், அது எவ்வளவு பெரிய வேலை! திருப்பி அனுப்பும் நாம், அதற்குப் பிறகு என்ன செய்கிறோம்? ஒன்றும் செய்வதில்லை. அந்தப் பெண் ஜூஸ்கூட வாங்காமல், ஏதோ பரீட்சையில் தோற்றவள்போல் தலை குனிந்து போகிறாள்.

அந்தக் கேன்டீன் அம்மாவையும் இப்படித்தான் ஒரு வருடம் திருப்பி அனுப்பினோம். “ரத்தம் கம்மி” என்பது நோயின் பெயர் கிடையாது. அது ஓர் அறிகுறி. ஏன் கம்மி என்று கேட்க வேண்டும். இளம்பெண் என்றால் மாதவிடாயா, சாப்பாடா, குடற்புழுவா? 50 வயதைத் தாண்டிய ஆணோ, மாதவிடாய் நின்ற பெண்ணோ என்றால் காரணம் தெரியும்வரை விடக் கூடாது. குடலிலும் இரைப்பையிலும் பார்த்தே ஆக வேண்டும். அந்த ஒரு கேள்வியை ஒரு வருடம் முன்னால் யாராவது கேட்டிருந்தால், அந்தக் கட்டி இன்னும் சிறியதாக இருக்கும்போதே பிடித்திருக்கலாம்.

ஆகவே இன்று உங்களிடம் இரண்டு கேட்கிறேன். புற்றுநோய் என்று தெரிந்த குடும்பங்கள், ஆபரேஷன் தேதி கேட்கும் அதே நாளில், “ஹீமோகுளோபின் எவ்வளவு, இரும்பு எவ்வளவு, இடையில் என்ன செய்யலாம்?” என்றும் கேளுங்கள். முகாம் நடத்துபவர்கள், திருப்பி அனுப்பும் ஒவ்வொருவருக்கும் அளவை எழுதி ஒரு சீட்டுக் கொடுங்கள்; அந்தச் சீட்டோடு ஆலை மருத்துவ அறைக்கோ இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போகச் சொல்லுங்கள். எங்கள் குழு நடத்தும் முகாம்களில் இதைத் தொடங்கிவிட்டோம்.

அந்தப் பையனுக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். தம்பி, அது கடைசி ராத்திரியில் அவசரமாகவில்லை. ஒரு வருடமாக அவசரமாகத்தான் இருந்தது. நாங்கள்தான் கடைசி ராத்திரியில் கவனித்தோம்.

நாளைக் காலை இதே மண்டபத்தில் முகாம் இருக்கிறது. கொடுக்க முடிந்தவர்கள் கொடுங்கள். 11 என்றோ 10 என்றோ சீட்டு வாங்கிக்கொண்டு போகும் தங்கைகளே, அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். மூன்று மாதம் சிகிச்சை எடுத்துக்கொண்டு, மறுபடி இதே வரிசையில் வந்து நில்லுங்கள். உங்கள் விரலில் அந்தச் சொட்டை மறுபடி எடுத்துப் பார்க்க நாங்கள் காத்திருப்போம்.